அப்பா பை நிறையக் கொண்டு வந்த மருந்து

பெர்மாஸ் ஜெயா,
வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வந்து.

மதிப்புக்குரிய பிரேமலா அத்தைக்கு,

ரூபேந்திரன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டி மழை நாளில் மட்டும் வலிக்கட்டும். ஐயாசாமி மாமாவின் கோபம் எட்டு மணிச் செய்தியோடு முடியட்டும். உங்கள் முருங்கை மரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கை வைக்காமல் இருக்கட்டும். இங்கே வீட்டில் எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் நான் ஒருவன்தான். அம்மா போன பிறகு இந்த வீட்டில் மீதமிருந்த இன்னொருவர் திங்கட்கிழமை ரயிலேறி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் நலமா என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீங்கள் அதை முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்பீர்கள். பக்கத்து நாற்காலியில் அப்பா இருப்பார். கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிட மாட்டார். கடிதம் என்றால் அந்தப் பயம் இல்லை, கண்ணாடியை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த வீட்டு ஹேமநாதன் நாளைக் காலை மாமியாரைப் பார்க்க உங்கள் ஊர் குளுவாங்குக்கு வருகிறார். இதோடு ஒரு சின்னப் பொட்டலமும் தருவார். அதில் ஆரஞ்சு நிற இன்ஹேலர் இருக்கிறது, இந்த மாதத்துக்கு அப்பாவுக்கு உரியது. கிளினிக்கில் நான் மருந்து கொடுக்கும் கவுண்டரில் நானே வரிசையில் நின்று வாங்கினேன். அப்பா அதைக் காலையும் இரவும் இழுக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் மற்ற எதை மறந்தாலும் பரவாயில்லை, இந்த ஒரு வரியை மறக்காதீர்கள். அவர் கையில் எடுத்துக்கொண்டு வந்தது நீல இன்ஹேலர் மட்டும். நீலம் அந்த நேரத்துக்கு மூச்சைத் திறந்துவிடும், அவ்வளவுதான். நெஞ்சுக்குள் இருக்கும் வீக்கத்தை அடக்குவது ஆரஞ்சு. நீலத்தை மட்டும் நம்பி இருந்தவர் போன புகைமூட்டத்தின்போது உதடு கறுத்து ஆஸ்பத்திரியில் கிடந்ததை நீங்களே வந்து பார்த்தீர்கள்.

உங்கள் மெசேஜைக் கேட்டேன். "டேய் ரூபா, உங்கப்பாவ மைக்குல திட்டுனியாமே? அண்ணன் வந்ததிலேர்ந்து மூஞ்சி குடுத்துப் பேசல. படிச்ச திமிராடா?" என்று கேட்டிருந்தீர்கள். மைக்கில் திட்டவில்லை அத்தை. திட்டினேன், மைக் ஆன் ஆகி இருந்தது. இரண்டும் வேறு. எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்த வருஷத் தொடக்கத்தில் எங்கள் கிளினிக்கைப் பசுமைக் கிளினிக் ஆக்கப் போகிறோம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தலைமை டாக்டர் சுகந்தினி எங்களைக் கூட்டி வைத்து ஸ்லைட் போட்டு விளக்கினார். அவர் நல்ல மனுஷி, ரொம்பக் களைத்துப் போனவர். தேவையில்லாமல் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரை அட்டையும் எங்கோ ஓர் ஆலையில் தண்ணீரையும் மின்சாரத்தையும் தின்று, கப்பலிலும் லாரியிலும் ஏறி வந்து, யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் தூங்கி, கடைசியில் கழிவறை வழியாக ஆற்று மீனுக்குப் போகிறது என்றார். நீல இன்ஹேலரைத் தூக்கிக் காட்டினார். மருந்தை வெளியே தள்ளுவதற்கு அதற்குள் அடைத்திருக்கும் வாயு வானத்தைச் சூடாக்குகிறதாம். ஒரு டப்பா தீர்ந்தால் ஒரு கார் ஜொகூர் பாருவில் கிளம்பிக் கோலாலம்பூரை நெருங்கிய கணக்காம். ஆரஞ்சில் இருப்பது வெறும் தூள், வாயு கிடையாது. ஆரஞ்சை ஒழுங்காக இழுக்கிறவருக்கு நீலம் எப்போதாவதுதான் தேவைப்படும். ஆளுக்கும் நல்லது, வானத்துக்கும் நல்லது. இதில் ஒரு சொல்லும் தப்பில்லை. நான் அன்றைக்கும் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆனாலும் எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. அப்பா எத்தனை வருஷம் விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார் என்று உங்களுக்குத் தெரியும். போகிற வழியில் நெரிசலில் நின்று லாரிப் புகையைக் குடித்தார், அங்கே போய்ப் பெயிண்ட்டைக் குடித்தார், திரும்பி வந்தால் நம் பக்கத்துத் தொழிற்சாலைக் காற்று. எல்லாரும் கூடி அவர் நெஞ்சைக் கெடுத்து முடித்த பிறகு, "உங்கள் கையில் இருக்கும் அந்தச் சின்ன நீல டப்பா பூமிக்குக் கெடுதல்" என்று அவரிடம் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். புகைபோக்கிகளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அப்பாவின் டப்பாவைத்தான் கேட்டார்கள். நானும் கேட்டேன். சம்பளம் வாங்குகிறேனே. அதுவும் ஒப்பந்தச் சம்பளம். புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று ஒவ்வொரு முறையும் கடைசி வாரம் வரை சொல்லாமல் வைத்திருக்கும் சம்பளம்.

அப்புறம் போட்டி வைத்தார்கள். எந்தக் கிளினிக் மக்களிடமிருந்து அதிக எடையில் மீதி மருந்தைத் திரும்பப் பெறுகிறதோ அதுதான் வட்டாரத்தின் சிறந்த பசுமைக் கிளினிக். நான் டாக்டரின் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"டாக்டர், அதிகமா திரும்பி வந்தா, நாம அதிகமா கொடுத்திருக்கோம்னுதானே அர்த்தம்? ரொம்ப வீணாக்குன கிளினிக்குக்கா பரிசு?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அது அடுத்த வருஷ ஸ்லைட், ரூபன். இந்த வருஷம் எடை."

"மருந்து எழுதும்போதே குறைச்சா என்ன டாக்டர்?"

"குறைக்கணும்னா ஒவ்வொருத்தரையும் உட்கார வெச்சுப் பேசணும். வெளிய எத்தனை பேர் நிக்கிறாங்க பாத்தீங்களா? 'பழையபடியே'ன்னு எழுத எனக்கு அரை நிமிஷம். 'இது இனிமே வேணாம்'னு சொல்ல அரை மணி நேரம். அரை மணி நேரத்த யார் தர்றாங்க, நீங்களா?"

வெளியே வந்து, பழையபடியே எழுதிய சீட்டுகளுக்குப் பழையபடியே மருந்து எடுத்துக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் தாமான் குடியிருப்பின் கோயில் மண்டபத்தில் மருந்து திருப்பும் நாள். பசுமை விழா என்பதால் பெரிய பிளாஸ்டிக் பேனர் கட்டியிருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர். எங்களுக்குப் பச்சை நிறத்தில் வியர்வை உறிஞ்சாத சட்டை, எல்லாருக்கும் ஒரே அளவு. காற்றாடிகளுக்கு மின்சாரம் போதாமல் ஒரு ஜெனரேட்டரைக் கொண்டு வந்து மண்டப வாசலில் வைத்தார்கள், அது நாள் முழுக்கப் புகைந்தது. மேசையில் எடைக்கருவி, என் சட்டையில் மைக். அறிவிப்பும் நான்தான் செய்ய வேண்டும், தமிழ் பேசத் தெரிந்த ஒப்பந்த ஊழியன் நான் ஒருவன்தான்.

மக்கள் வந்தார்கள் அத்தை. பிஸ்கட் டின், பால்மாவு டின், தீபாவளி முறுக்கு டப்பா என்று எல்லாவற்றிலும் மருந்து. பேச்சியம்மாள் இரண்டு டின் கொண்டு வந்து வைத்தார்.

"இதுல ஒன்னுதான் தம்பி என்னோடது. இன்னொன்னு எங்க வீட்டுக்காரரோடது."

"அவர் வரலியாம்மா?"

"அவர் செத்து ஆறு வருஷமாச்சி. மருந்த நல்லா பத்திரமா வச்சிருந்தேன்."

"எதுக்கும்மா வச்சிருந்தீங்க?"

"கவர்மெண்டு கொடுத்தத எப்படி தம்பி குப்பையில போடறது?"

அதுவரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. வரிசை நீண்டதும் பின்னால் நின்றவர்கள் ஒருவர் டின்னை ஒருவர் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். நான் எட்டிப் பார்த்தபோது சந்தையே கூடிவிட்டது.

"ஷாமளாக்கா, அந்த நீள வெள்ளை கேஸ்ட்ரிக்குக்கா? எனக்கு ரெண்டு அட்ட குடுங்க. நான் கொலஸ்ட்ரால் மாத்திர தரேன்."

"எனக்கு எதுக்கு கொலஸ்ட்ரால், நான் சைவம் லா. முட்டிக்கு இருக்கா?"

"முட்டிக்கு அந்தச் சிவப்புச் சட்டக்காரர் வச்சிருக்காரு. ஆனா அவரு தூக்க மாத்திர இருந்தாத்தான் தருவாராம்."

நான் மைக்கில் கத்தினேன். "தயவுசெஞ்சு மருந்த மாத்திக்காதீங்க! ஒருத்தர் மருந்து இன்னொருத்தருக்கு விஷம்!" யாரோ ஒரு பெண்மணி, "அப்ப விஷத்தத்தான் மாசாமாசம் கொடுக்கறீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். மண்டபமே சிரித்தது. பாதிப் பேர் கொண்டு வந்ததைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எடைக்கருவி பக்கம் யாரும் வரவில்லை. டாக்டர் சுகந்தினி என் பக்கத்தில் வந்து நின்று, "ரூபன், எடை?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் அப்பா வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, மோட்டார் சைக்கிளின் முன்னால் ஓர் அரிசிப் பை. நேராக என் மேசைக்கு வந்து பையைக் கவிழ்த்தார். உள்ளிருந்து கொட்டியது அத்தனையும் ஆரஞ்சு டப்பா. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. எல்லாவற்றிலும் 'வேலு' என்று அப்பா பேரில் ஸ்டிக்கர், ஒட்டியவன் நான். எடைக்கருவி ஏறிக்கொண்டே போனது. டாக்டர் கைதட்டினார், மண்டபமே கைதட்டியது. புகைப்படக்காரர் அப்பாவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொன்னார்.

"அப்பா, இதெல்லாம் யாரோடது?"

"என்னோடதுதான். நீதானடா கொடுத்த."

"ஒன்னையும் இழுக்கலியா?"

"மொத டப்பாவ ஒரு நாளு இழுத்துப் பாத்தேன், அது வீட்டுல கெடக்கு. சத்தமே வரல. சத்தம் வராத மருந்து என்னடா மருந்து? நீலம் புஸ்ஸுன்னு போவுது, உள்ள எறங்கறது தெரியுது."

"அப்ப எதுக்கு மாசாமாசம் வந்து வாங்கினீங்க?"

"வாங்காம வுட்டா பேர வெட்டிடுவான். ரப்பர் தோட்டத்துல எங்கப்பா காலையில ஒரு நாளு பேரு கூப்புடற பெரட்டுல வந்து நிக்கலன்னா கணக்கு எழுதற கிராணி பேர வெட்டிப்புடுவான். அப்புறம் அரிசி கொறையும்."

"இது தோட்டம் இல்லப்பா, கிளினிக்!"

"வரிசை அதேதானடா."

அத்தை, இவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். ஆரஞ்சு டப்பா ஒரு நாள் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும், ஒரு நாள் டிவி பக்கத்தில் இருக்கும். இடம் மாறுகிறதே, இழுக்கிறார் என்றுதான் நினைத்தேன். எனக்குக் காட்டுவதற்காக மனுஷன் அதைத் தினமும் நகர்த்தி வைத்திருக்கிறார். அந்த டப்பாக்களைப் பார்த்ததும் எனக்கு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த முகம்தான் வந்தது. அப்போதுதான் சொன்னேன்: "நாளைக்கு மூச்சு நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க, இந்தப் பையக் கட்டிக்கிட்டுப் போவீங்களா?"

கோயில் ஒலிபெருக்கி எல்லாத் தூணிலும் கட்டியிருந்தது. தாமான் முழுக்கக் கேட்டது. மீன் விற்க வந்தவர்கூட வண்டியை நிறுத்திவிட்டார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. காலிப் பையை எடுத்து நான்காக மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்து பேச்சியம்மாள்தான் என் மேசைக்கு வந்தார். "தம்பி, கேஸ்ட்ரிக் மாத்திர தர்ற கவுண்டர் எது?"

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். திரும்பி வந்த மருந்தை, பிரிக்காத டப்பாவாக இருந்தாலும், இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. சட்டம். எந்த வெயிலில் எந்த வீட்டில் கிடந்ததோ, யாருக்குத் தெரியும்? நியாயமான சட்டம்தான். ஆகவே அத்தனையும் மூட்டை கட்டி லாரியில் ஏற்றினோம், எரித்துவிடுவார்கள். அப்பா இழுத்திருக்க வேண்டிய மூச்சு மருந்து ஒரு சூளையில் எரிந்து புகையாகும், அந்தப் புகை எந்தப் பக்கம் அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்குப் பெயர் பசுமை. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். படத்தில் நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மெசேஜின் கடைசியில், மாமா டிவியை அணைத்த பிறகு, மெதுவாக ஒன்று சொன்னீர்கள். "அண்ணன் என்ன சொல்லிச்சு தெரியுமாடா? புள்ளக்கி வேல இன்னும் நிரந்தரமாவல, அவன் மேசையில எட ஏறுனா மேல உள்ளவங்க பாப்பாங்க, அதான் எல்லாத்தையும் அள்ளிகிட்டுப் போனேன்னு சொல்லிச்சுடா." அந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டேன். இத்தனை நாளாக எனக்குக் கோபம் வந்தால் அதைக் கொண்டு போய் வைக்க ஓர் இடம் இருந்தது. இப்போது இல்லை. மன்னிப்புக் கேட்க போன் பண்ணினால், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு உங்களிடம் கொடுத்துவிடுகிறார்.

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். ஆரஞ்சை எப்படி இழுப்பது என்று எழுதுகிறேன், பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள். மூடியைத் திறந்து, 'டிக்' என்று கேட்கும் வரை அடியைத் திருக வேண்டும். இருக்கும் மூச்சை வெளியே விட வேண்டும், டப்பாவுக்குள் ஊதிவிடக் கூடாது. பிறகு வாயில் வைத்து ஒரே இழுப்பாக, பலமாக. செண்டோல் குடிக்கும்போது அடியில் கிடக்கும் பயறை ஸ்ட்ராவில் இழுப்போமே, அந்தப் பலம் வேண்டும். கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்து வைத்துவிட்டு, அப்புறம் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். சத்தம் வராது, ருசியும் தெரியாது. ஒன்றும் நடக்காதது போல்தான் இருக்கும். சில வாரம் கழித்து ஒரு நாள் அவர் மூச்சு வாங்காமல் உங்கள் வீட்டு மாடிப்படி ஏறுவார். அன்றைக்கு அவருக்கே தெரியும்.

ஒன்று மட்டும். அவரிடம் பொய் சொல்ல வேண்டாம். ஐயாசாமி மாமா 'சிங்கப்பூர் மருந்து' என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்பார், விடாதீர்கள். நம் மக்களுக்கு யாரும் உட்கார்ந்து எதையும் விளக்குவதில்லை. வரிசையில் நிற்க வைக்கிறார்கள், கொடுக்கிறார்கள், கேள்வி கேட்டால் அடுத்த நம்பரை அழைக்கிறார்கள். அதனால்தான் கிளினிக்கும் அவருக்குத் தோட்டமாகத் தெரிகிறது. உண்மையைப் பொறுமையாகச் சொன்னால் அப்பாவுக்குப் புரியும். பேரை யாரும் வெட்ட மாட்டார்கள், வேண்டாத மருந்தை 'வேணாம்' என்று சொன்னால் போதும், வேண்டியதை இழுத்துத் தீர்த்தால் போதும். விளக்கம் கொடுத்தால் ஜனங்கள் கேட்பார்கள் என்ற ஒரே நம்பிக்கையில்தான் நான் அந்தக் கவுண்டரில் இன்னும் நிற்கிறேன். அவர் அதை இழுக்கிறார் என்று நீங்கள் ஒரு வார்த்தை அனுப்பினால் போதும், அடுத்த ஞாயிறு நானே வந்து அவரைக் கூட்டி வருகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டுக்கு அடியில் இருக்கும் மாத்திரைகளுக்கும் என் வணக்கம், வரும்போது அவற்றையும் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் கைச் சோறும் வசவும் எனக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு,

அன்புள்ள மருமகன்,
ரூபேந்திரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டிவிட்டு மறுபடியும் பிரித்திருக்கிறேன். சனிக்கிழமைக் காலை. ஹேமநாதன் வாசலில் காரை முடுக்கி வைத்துக்கொண்டு ஹார்ன் அடிக்கிறார். டாக்டர் சுகந்தினி இப்போதுதான் அழைத்தார். எடையில் நாங்கள்தான் முதலிடமாம், அப்பாவின் பைதான் தூக்கிவிட்டதாம். அவருக்கு மேடையில் 'பசுமை நோயாளி' என்று பட்டயமும் பழக்கூடையும் கொடுக்கப் போகிறார்கள். நேற்றே அவருக்குப் போன் செய்து சொல்லிவிட்டாராம். அப்பாவும் சந்தோஷமாக வருகிறேன் என்றாராம். அத்தோடு நிறுத்தாமல், "அடுத்த வருஷம் இதவிட ஜாஸ்தியா கொண்டாரேன் டாக்டர், ஒன்னக்கூடத் தொட மாட்டேன்" என்று வாக்கும் கொடுத்திருக்கிறார்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். விளக்கம் வேண்டாம், பொறுமை வேண்டாம், உண்மையும் வேண்டாம். அடுத்த வருஷத்துக்குச் சட்டம் மாறிவிட்டது, காலி டப்பாவைத்தான் எடை போடுவார்கள், உள்ளே துளி தூள் இருந்தாலும் கழித்துவிடுவார்கள் என்று சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்பார். என் பேரைச் சொல்லாதீர்கள். கவர்மெண்டு சொன்னது என்று சொல்லுங்கள், இன்றைக்கு ராத்திரியே இழுக்க ஆரம்பித்துவிடுவார்.